கம்பத்தில் ஒரு வடிகட்டி

அரிசோனா
ஜனவரி 30, 2023

லென்,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று உன் வீட்டு மேசையில், பன்னிரண்டு பேர் முன்னால் நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "எங்க அக்காவுக்கு டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கக்கூடத் தெரியாது. புருஷன் வெர்னன் போன துக்கத்துல வீட்டை வித்துட்டு ஊர் சுத்தக் கிளம்பிட்டா. மூணே மாசம். அழுதுகிட்டு வந்து நிப்பா பாருங்க." இருபத்தேழு வருடம் கவுண்டி நீதிமன்றத்தில் அடுத்தவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தவள் நான். என்னிடம் "அப்படிச் சொல்லவே இல்லை" என்று தப்ப முடியாது.

அதற்குப் பிறகு இங்கே வரும் வழியில் மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் எடுத்தது ஆர்டித். "அவர் கொட்டகைல ஏதோ வேலையா இருக்கார், அண்ணி." உன் பெண்டாட்டிக்குப் பொய் சொல்ல வராது, லென். நான்காவது முறை கூப்பிடுவதாக இல்லை.

இப்போது எழுதுவது ரேடியோ மெக்கானிக்குக்கு, தம்பிக்கு அல்ல. ஷெரிப்பின் போலீஸ் வண்டி ரேடியோக்களை முப்பது வருடம் பழுது பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நான் இங்கே டிரெய்லரில் இருந்தபடி வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். காது கேளாத மாணவர்களின் வகுப்பில் பேசுவதெல்லாம் இணையம் வழியாக என் காதுக்கு வரும். சுருக்கெழுத்து இயந்திரத்தில் நான் தட்டத் தட்ட அவர்கள் திரையில் எழுத்தாக ஓடும். டிரெய்லர் வீடுகளை நிறுத்திக் குடியிருக்கும் இந்த பார்க்கில் வைஃபை இருக்கிறது, ஆனால் ஆபீஸ் ஒரு கோடியில், என் டிரெய்லர் மறு கோடியில். லேப்டாப்பில் ஒரே ஒரு கோடுதான் தெரிகிறது, அதுவும் மினுக்கி மினுக்கி. செல்போனுக்கு இங்கே சிக்னலே கிடையாது. இந்த மாதம் இரண்டு முறை வகுப்பின் நடுவில் அறுந்துவிட்டது. மூன்றாவது முறை அறுந்தால் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக ஏஜென்சி எழுதியிருக்கிறது. மார்ச் 15 அன்று ஒரு பெண்ணின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, இரண்டு மணி நேரம். அதை வேறு யாருக்கும் தராதீர்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அது அறுந்தால் இந்த வேலையும் போச்சு, டிரெய்லரும் போச்சு. நெப்ராஸ்காவுக்குத் திரும்பி வந்து உன் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

என்ன செய்யலாம் என்று எழுது. அறிவுரை வேண்டாம், வழி மட்டும் போதும்.

மார்லிஸ்

*

நெப்ராஸ்கா
பிப்ரவரி 6

அக்கா,

சமாதானம் இல்லை என்று எழுதியதற்கு நன்றி. எனக்கும் ஒன்றும் அவசரம் இல்லை.

நீ குடியிருப்பது ஒரு அலுமினிய டப்பாவுக்குள். லேப்டாப்பின் ஆன்டெனா அதன் மூடிக்குள் இருக்கிறது. டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே இருப்பவனோடு ரகசியம் பேசினால் அவனுக்கு எப்படிக் கேட்கும்? லேப்டாப்பை நகர்த்துவதைவிட ஆன்டெனாவை நகர்த்துவது சுலபம். அதனால் இத்துடன் இரண்டு சாமான் அனுப்புகிறேன். ஒன்று யூஎஸ்பியில் செருகும் வைஃபை குச்சி. இன்னொன்று அதற்கான ஐந்து மீட்டர் கேபிள். அதற்கு மேல் நீட்டாதே, சிக்னல் வழியிலேயே செத்துவிடும். குச்சியைக் கேபிளின் முனையில் மாட்டு. நூடுல்ஸ் வடிகட்டும் கம்பிவலைக் கிண்ணம் ஒன்று வாங்கிக்கொள், பெரிதாக, முழுக்க உலோகத்தில். அது அலையைக் குவித்துக் குச்சிக்குத் தரும். கிண்ணத்தின் அடியிலிருந்து நாலு விரல் தள்ளி, நடுவில் குச்சி நிற்க வேண்டும். கிண்ணத்தின் வாய் ஆபீஸ் ஆன்டெனாவை நேராகப் பார்க்க வேண்டும். படம் போட்டிருக்கிறேன். சிரிக்காதே. நாங்கள் காசில்லாத காலத்தில் இதைவிடக் கேவலமான சாமான்களை வைத்து ஷெரிப்பைப் பேச வைத்திருக்கிறோம்.

நீ வேலை செய்யும்போது மைக்ரோவேவ் அடுப்பைப் போடாதே. அதுவும் அதே அலையில்தான் கத்தும்.

போன் வேண்டாம். போனில் நீ ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாய். கடிதம் என்றால் எனக்குப் படம் போட்டுக் காட்டவும் வசதி.

ஆர்டித் கோலாச்சி பன் சுட்டாள், கசகசா வைத்தது. தபாலில் நொறுங்கிவிடும் என்று நானே தின்றுவிட்டேன்.

லென்

*

அரிசோனா
பிப்ரவரி 16

லென்,

பார்சல் வந்தது. உன் படம் வடிகட்டி மாதிரி இல்லை, தொப்பி போட்ட கோழி மாதிரி இருக்கிறது. ஆனாலும் புரிந்தது.

நாற்பது மைல் ஓட்டிப் போய் வடிகட்டி வாங்கினேன். பக்கத்து வண்டி மெர்ல் "நான் மாட்டித் தரட்டுமா?" என்று ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றான். "வேண்டாம், எனக்குக் கை இருக்கு" என்றேன். யாரிடமும் எதையும் கேட்காமல்தான் ஆயிரத்து இருநூறு மைல் வண்டி ஓட்டி வந்திருக்கிறேன். டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து இந்த இடத்தில் நிறுத்தியதும் நான்தான், மூன்றாவது முயற்சியில்.

இங்கே தினமும் நாலு மணிக்கு ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவார்கள். அவரவர் குடிப்பதை அவரவர் கொண்டுவர வேண்டும். மெர்ல் அங்கே ஆரம்பித்துவிட்டான். "என்ன மார்லிஸ், நிலாவுலேர்ந்து நூடுல்ஸ் இறக்கறியா?" அறுபது வண்டி ஆட்களும் சிரித்தார்கள். நானும் என் பங்குக்கு, "உனக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கறேன், ஆறிப்போறதுக்குள்ள வா" என்றேன்.

ஒரு கோடு இரண்டு கோடு ஆகியிருக்கிறது. நீ சொன்னதற்கு இது கம்மி. நேற்று மதியம் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், இரண்டு முறை தடுமாறியது. உன் குச்சியில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். என் வேலையில் கோளாறு இல்லை, பார்த்துக்கொள். போட்டோ வைத்திருக்கிறேன். வடிகட்டியை ஒரு விளக்கின் தண்டில் கட்டி மேசைமேல் நிறுத்தியிருக்கிறேன், நேராக ஆபீஸைப் பார்க்க. வெளியே வைத்தால் தூசிக் காற்றில் பாழாகும். ஜன்னலில் தெரிவது வெயிலுக்கு நானே வெட்டிப் பொருத்திய மறைப்பு. ஒரு நூல் இடைவெளி கிடையாது. இந்த பார்க்கிலேயே என்னுடையதுதான் கச்சிதம் என்று எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மார்லிஸ்

*

நெப்ராஸ்கா
பிப்ரவரி 24

அக்கா,

உன் போட்டோவை ஆர்டித்திடம் காட்டிவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தேன்.

அந்த மறைப்பு எதனால் ஆனது? வெள்ளித்தாள். இரண்டு பக்கமும் வெள்ளித்தாள், நடுவில் காற்றுக் குமிழி. வெயிலை எது திருப்பி அனுப்புகிறதோ அதுவே வைஃபையையும் திருப்பி அனுப்பும். நீ நாற்பது மைல் போய் வடிகட்டி வாங்கி, நாலு விரல் அளந்து குச்சியை நிறுத்தி, கடைசியில் எதைப் பார்க்க வைத்தாய் தெரியுமா? உன் வெள்ளித்தாளை! அடுப்பில் போட உருளைக்கிழங்கைச் சுற்றுவது மாதிரி உன்னையே சுற்றி வைத்துக்கொண்டு, என் குச்சியில் கோளாறு என்று எழுதுகிறாய்.

என் குச்சியில் ஒரு கோளாறும் இல்லை. அனுப்புவதற்கு முன் மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தேன்.

அந்த ஜன்னலைத் திற. வடிகட்டியை வெளியே கொண்டுபோ. உயரமாக எதிலாவது கட்டு. குச்சிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவிடு, தூசியும் மழையும் அண்டாது. பிளாஸ்டிக், அக்கா. டின் டப்பாவைக் கவிழ்த்துவிடாதே.

லென்

*

அரிசோனா
மார்ச் 5

லென்,

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள். நீ சொன்னது சரி. இதை நான் அறுபத்தொரு வயதில் எழுத்தில் தருவது இதுவே முதல் முறை, பத்திரமாக வைத்துக்கொள்.

நெப்ராஸ்கா கொடி பறக்கவிட ஒரு நீட்டுக் கம்பம் வைத்திருக்கிறேன். கொடியை இறக்கி மடித்துவிட்டு வடிகட்டியை ஏற்றினேன். நாலு கோடு! இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு முறைகூட இமைக்கவில்லை.

ஆனால் இன்னும் பெரிய சங்கதி கேள். இங்கே அறுபது வண்டியிலும் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறது. அறுபது வண்டிக்காரர்களும் மூன்று வருடமாக ஆபீஸ்காரியிடம் போய் வைஃபை சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாலு மணி வட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மெர்ல் போய் ஆபீஸைப் பார்த்த ஜன்னலில் மட்டும் தாளை உரித்துவிட்டு வந்தான். திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பேரன் பேசறான், முகம் தெரியுது, வாய் அசையுது!" என்று நாற்காலியில்கூட உட்காராமல் ஓடினான். அன்று சாயங்காலம் பார்க் முழுக்கத் தாள் உரிக்கிற சத்தம்தான். ஆபீஸ்காரி எனக்கு ஒரு எலுமிச்சை கேக் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தம்பி சொன்னதுதான் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இவ்வளவு பெருமை அடித்துக்கொண்ட மறுநாளே ஒரு சனியன் வந்தது. நீளமான பஸ் வண்டி, ஒரு வீட்டுக்கு உயரம். சரியாக என் கம்பத்துக்கும் ஆபீஸுக்கும் நடுவில் நிறுத்திவிட்டான். டுவைட் டாலஃப்சன் என்று மின்னசோட்டாக்காரன். ஏப்ரல் முடியும்வரை இருப்பானாம். நாலு கோடு ஒன்றாகிவிட்டது. கம்பம் இதற்கு மேல் நீளாது, கேபிளும் நீளாது.

இன்னும் பத்து நாள். அந்தப் பெண்ணின் பெயர் இமோஜன் டகாலா. மண்ணுக்குள் வாழும் பூஞ்சைகளைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ச்சி செய்திருக்கிறாள். அவள் கட்டுரையில் வரும் முந்நூற்றுச் சொச்சம் வாய்க்குள் நுழையாத பெயர்களை என் இயந்திரத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். யாரும் இணையத்தில் வந்து பார்க்கலாம், நான் தட்டும் எழுத்தும் கூடவே ஓடும் என்று பல்கலைக்கழகம் அறிவிப்பும் போட்டிருக்கிறது. எல்லோர் முன்னிலும் அவள் திரை நின்று போனால், கேள்வி கேட்கிற ஐந்து பேராசிரியர்களையும் அவள் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

டுவைட்டிடம் போய்க் கேள் என்று எழுதாதே. வண்டியை நிறுத்தி, நாலு பக்கமும் கால் ஊன்றி, தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் மாட்டிவிட்ட ஆளிடம் நகரு என்று கேட்பது இங்கே வழக்கம் இல்லை. அதுவும் நான் கேட்க மாட்டேன்.

மார்லிஸ்

*

நெப்ராஸ்கா
மார்ச் 10

அக்கா,

போய்க் கேள்.

எனக்குத் தெரியும், இது உன் கைக்கு வருவதற்குள் 15 தாண்டிவிடலாம். ஆனாலும் எழுதுகிறேன். உதவி கேட்க மாட்டேன் என்று இருப்பது பெரிய வீரம் என்று நம் வீட்டில் இரண்டு பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேருமே முட்டாள்.

போய்க் கேள்.

லென்

*

அரிசோனா
மார்ச் 16

லென்,

உன் கடிதம் இன்று காலைதான் தபால் நிலையத்தில் கிடைத்தது. ஒரு நாள் தாமதம். பரவாயில்லை, படித்துவிட்டு அங்கேயே கவுன்டரில் சிரித்தேன்.

நேற்று காலை ஆறு மணிக்கு எழுந்தேன். தேர்வு பத்து மணிக்கு. ஒரே ஒரு கோடு, அதோடு காற்றும் வேறு. கம்பம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. டிரெய்லர் படியில் காபியோடு உட்கார்ந்து அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமோஜனோடு முந்தின நாள் ஒத்திகை பார்த்தபோது அவள் எனக்குத் தட்டிய ஒரு வரி மனதில் வந்தது. "ஒருத்தர்கிட்டயும் 'என்ன சொன்னீங்க'ன்னு கேட்காம ஒரு நாள் பேசணும், மார்லிஸ். அந்த ஒரு நாள் நாளைக்குத்தான்." அவளுடைய அந்த ஒரு நாளை நான் என் ரோஷத்துக்காகக் கெடுக்கலாமா? எழுந்து போய் டுவைட்டின் கதவைத் தட்டினேன். ஆறரை மணி.

பைஜாமாவோடு வந்தான். சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது, அதையும் மறைக்கவில்லை.

"எத்தனை அடி நகரணும்?" என்றான்.

"பத்து அடி. பின்னால."

"ஏம்மா, வந்து பத்து நாளாச்சு. முதல் நாளே சொல்லக்கூடாதா? தினம் நாலு மணிக்கு எதிரே உட்கார்ந்து முறைச்சுகிட்டே இருந்தீங்க. எங்க ஊர்க்காரங்க மேல ஏதோ கோவம்னு இல்ல நெனச்சேன்!"

குழாய்களைக் கழற்றி, கால்களைத் தூக்கி, மறுபடி மாட்ட அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் விஷயம் பார்க் முழுக்கப் பரவிவிட்டது. மெர்ல் வீடு வீடாகப் போய், "பத்துலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் ஒருத்தரும் வைஃபை தொடக்கூடாது, மைக்ரோவேவ் போடக்கூடாது, மார்லிஸ் வேலை பாக்கறா" என்று அறிவித்தான். காற்று நிற்கவில்லை. நாலு பேர் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வந்து, முறை வைத்து, என் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருவன் டுவைட். இரண்டு மணி பத்து நிமிடம்.

அறுந்ததா என்று கேட்க மாட்டாயா? அறுபடவில்லை, லென். ஒரு நொடிகூட இல்லை. ஐந்து பேராசிரியர்களும் ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டிப் பேசுகிறவர்கள், யார் சொன்னது என்று பெயர் போட்டுக் கொடுத்தேன். முந்நூற்றுச் சொச்சம் பெயரில் இரண்டே இரண்டு தப்பு, இரண்டும் லத்தீன். ஒரு கிழவர் வேண்டுமென்றே சுற்றி வளைத்து ஒரு கேள்வி கேட்டார். அவர் முடிப்பதற்குள் அவள் புன்னகைத்து, பதிலைத் தொடங்கிவிட்டாள். பார்வையாளர்கள் கைதட்டியதையும் "கைதட்டல், நீண்ட நேரம்" என்று தட்டினேன்.

வெளியே வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அறுபது வண்டியும் ஹாரன் அடித்தது. என் வாழ்நாளில் நான் இவ்வளவு பெருமையாக உணர்ந்ததில்லை.

ஏஜென்சி அடுத்த வருடத்துக்கும் கையெழுத்து கேட்டிருக்கிறது. நான் திரும்பி வரப்போவதில்லை.

மார்லிஸ்

*

நெப்ராஸ்கா
மார்ச் 21

அக்கா,

நானும் பார்த்தேன். நீ எழுதியிருந்த பெயரை வைத்துத் தேடி, அறிவிப்பைக் கண்டுபிடித்து, தேர்வு தொடங்கும் நேரத்துக்கு லேப்டாப் முன்னால் பென்சிலோடு உட்கார்ந்தேன். நீ விடும் தப்புகளைக் குறித்து வைத்து அனுப்பலாம் என்று ஆசை.

ஒரு வரிகூட எழுதவில்லை. பென்சில் கீழே விழுந்து உருண்டுவிட்டது, எடுக்கவும் இல்லை.

இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது போய்விட்டது, அக்கா. இரண்டு வருடம் ஆகிறது. இடது காது அடியோடு கேட்காது, வலதில் இரைச்சல் மட்டும்தான். முப்பது வருடம் அடுத்தவன் குரலைத் தெளிவாக்கிக் கொடுத்தவன் நான், அதை யாரிடமும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆர்டித்துக்கு மட்டும் தெரியும். காதில் மாட்டும் கருவி டப்பாவோடு அலமாரியில் இருக்கிறது. மாட்டினால் முள்கரண்டிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, மனிதர்கள் பேசுவது கேட்கவில்லை. உன் போனை எடுக்காதது அதனால்தான்.

தேங்க்ஸ்கிவிங் அன்று நடந்ததும் அதுதான். மேசையில் எல்லோரும் பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டுவிட்டால்? கேட்காமல் இருக்க ஒரே வழி, நானே பேசிக்கொண்டிருப்பது. எல்லோரையும் சிரிக்க வைக்க என் கையில் கிடைத்தது நீ. அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ பதிலுக்கு என்ன சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னித்துவிடு.

அன்றைக்கு நான் இரண்டு மணி நேரம் ஒரு பேச்சை முழுசாகப் பின்தொடர்ந்தேன். பூஞ்சையைப் பற்றி! எனக்கு எதற்குப் பூஞ்சை? ஆனால் அந்தக் கிழவர் கேள்வியை வளைத்தபோது எனக்குக் கோபம் வந்தது, அவள் பதில் சொன்னபோது நான் மேசையைத் தட்டினேன். ஆர்டித் ஓடி வந்து பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். திரையைக் காட்டி, "இது எங்க அக்கா, ஆர்டித். இது முழுக்க எங்க அக்கா" என்றேன். என்ன சத்தத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை, பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாம்.

நீ திரும்பி வர வேண்டாம்.

லென்

*

அரிசோனா
மார்ச் 27

என் தம்பி லென்னுக்கு,

உன் கடிதத்தைத் தபால் நிலைய வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். அழுதேன். உனக்காகப் பாதி, இத்தனை மாதம் உன்னைத் திட்டித் தீர்த்ததற்காகப் பாதி. நான் அன்று பதிலுக்கு என்ன சொன்னேன் என்று தெரியாமலே இருப்பது நல்லது. என்னையும் மன்னித்துவிடு.

இனி நான் சொல்வதைக் கேள். இந்த முறை படம் போடுவது என் முறை, பின்பக்கம் பார். அடுத்த ஞாயிறு உன் பிள்ளைகள் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள்தானே? லேப்டாப்பை உன் தட்டுக்கு எதிரே வை. ஆர்டித்திடம் சொல்லி ஒரு மைக் வாங்கி மேசை நடுவில் வை, பன்றி வறுவல் தட்டுக்கும் மாவு உருண்டைத் தட்டுக்கும் நடுவில், கத்தி முள்கரண்டி படாத இடமாக. எதற்கு என்று அவர்களிடம் நீயே சொல். நான் ஆறரை மணிக்கு ஒருவன் கதவைத் தட்டியிருக்கிறேன், நீ உன் சொந்தப் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டாயா?

உங்கள் ஊர் நேரம் ஒரு மணிக்கு நான் இங்கே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கம்பத்தைப் பிடிக்க ஆள் இருக்கிறது, விஷயத்தைச் சொன்னதுமே டுவைட்டும் மெர்லும் பெயர் கொடுத்துவிட்டார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு உன் திரையில் வரும். பேத்தி பள்ளிக்கூடக் கதை சொன்னால் வரும். ஆர்டித் உப்பு குறைவு என்றால் வரும். யாராவது எதற்காவது சிரித்தால், எதற்குச் சிரித்தார்கள் என்று அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் உனக்குத் தெரிந்துவிடும்.

உன்னைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் அதையும் அப்படியே தட்டுவேன். மூடி மறைக்க எனக்குத் தெரியாது. நீ அவர்களுக்கு உடனே பதில் கொடு.

உன் அக்கா
மார்லிஸ்